ஆறு ரவைகளும் பதினேழு ரவைகளும்

கைத்துப்பாக்கி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எமது தமிழ்ப் பத்திரிகைகள் பல தசாப்தங்களைக் கடந்து வந்திருக்கின்றன. ஒருவர் கைத்துப்பாக்கியினால் சுடப்பட்டார் என்று எழுதிவிட்டால் செய்தி நிறைவு பெற்றுவிடும். ஆனால், அந்தச் சொல்லுக்குள் இருவேறு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, ரிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கி. மற்றையது, பிஸ்டல் என்று நாம் பொதுவாக அழைக்கின்ற அரைத் தானியங்கித் துப்பாக்கி. இவ்விரண்டில் எது மேலானது என்ற வாதம் நூறு வருடங்களுக்கும் அதிகமாக நடந்துகொண்டிருக்கிறது. இராணுவத்தினரும் பொலிஸாரும் ஆயுதங்களைச் சேகரிப்போரும் நடத்துகின்ற இந்த வாதத்தில் ஒரு பத்திரிகையாளனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நீதிமன்றச் செய்திகளையும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளையும் நீண்டகாலம் எழுதி வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. அரசின் சேவகன் ஒருவனின் இடுப்பில் எத்தகைய ஆயுதம் தொங்குகிறது என்பது வெறும் பொறியியல் விவகாரமல்ல. அது குடிமக்களின் உயிருடன் தொடர்புபட்ட விவகாரமாகும்.

முதலில் பொறிகளின் வேறுபாட்டைச் சுருக்கமாகப் பார்ப்போம். சுழல்துப்பாக்கியில் ரவைகள் ஓர் உருளைக்குள் ஐந்து அல்லது ஆறு அறைகளில் அமர்ந்திருக்கும். பழைய வகையில் ஒவ்வொரு தடவையும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னே இழுத்து நிறுத்திய பின்னரே சுடுவிசையை அழுத்த முடியும். இரட்டைச் செயற்பாட்டு வகையில் சுடுவிசையை நீளமாக இழுத்தாலே போதும். உருளை ஓர் அறை திரும்பும், சுத்தியல் பின்னே சென்று விடுபட்டு விழும். முழு வேலையையும் செய்வது சுட்டுவிரலின் பலமே. அரைத் தானியங்கியில் ரவைகள் பிடிக்குள் செருகப்படும் ரவைக்கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். வெடியின் பின்னுதைப்பு மேற்பகுதியிலுள்ள உருக்கு வழுக்கியைப் பின்தள்ளி, வெற்றுக் கோதினை வெளியே எறிந்து, அடுத்த ரவையைத் தானாகவே குழலுக்குள் ஏற்றிவிடும். விரலுக்கு மிஞ்சுவது சிறிதளவு வேலை மாத்திரமே. இரண்டுக்கும் இடையிலான வரலாற்றுப் பிணக்கின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கரான சாமுவேல் கொல்ட் 1836 ஆம் ஆண்டு சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதலாவது கம்பனி சில வருடங்களிலேயே வீழ்ந்துபோனது. மெக்சிக்கோவுடனான யுத்தமே அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது. ஆனால், கொல்ட்டின் துப்பாக்கி பெருவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. 1851 ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் அவர் தனது துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தபோது, அதே கண்காட்சியில் ரொபர்ட் அடம்ஸ் என்ற ஆங்கிலேயரும் தமது படைப்பை வைத்திருந்தார். விசையை இழுத்தவுடனேயே தானாகச் சுத்தியல் எழுந்து விழுகின்ற துப்பாக்கி அது. தூரத்து இலக்கைக் குறிபார்த்துச் சுடுவதற்குக் கொல்ட்டின் துப்பாக்கி சிறந்தது, எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது அடம்ஸின் துப்பாக்கியே உதவும் என்று அன்றே வாதங்கள் எழுந்தன. கிரைமியப் போரில் 1854 ஆம் ஆண்டு இன்கர்மன் களத்தில் ரஷ்யப் படையினரால் சூழப்பட்டுத் தப்பிய பிரித்தானிய அதிகாரி ஒருவர், சுத்தியலை இழுக்க நேர்ந்திருந்தால் தாம் உயிர் தப்பியிருக்க மாட்டார் என்ற கருத்துப்பட அடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த பியூமொன்ட் என்ற அதிகாரி இரு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். 1856 இல் பிரித்தானிய இராணுவம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று நாம் இரட்டைச் செயற்பாடு என்று சொல்லுகின்ற அமைப்பு முழு உருவம் பெற்றது அப்போதுதான். கொல்ட் 1853 இல் லண்டனில் திறந்த தொழிற்சாலை சில வருடங்களுக்குள் மூடப்பட்டது.

அரைத் தானியங்கிகள் வருவதற்கு மேலும் நான்கு தசாப்தங்கள் பிடித்தன. புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அவை சாத்தியமாயின. பழைய கருமருந்து விட்டுச் செல்லும் கசடு நுணுக்கமான அசையும் பாகங்களை இறுகச் செய்துவிடும். 1893 இல் போர்சார்ட், 1896 இல் மவுசர், 1900 இல் சுவிற்சர்லாந்து இராணுவம் ஏற்றுக்கொண்ட லூகர் என்று ஐரோப்பாவில் அவை வரிசையாக வெளிவந்தன. அமெரிக்கா அந்தப் பாதைக்கு வந்த கதை வேறு. பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்கப் படைகளுக்குத் தென்பகுதியின் மோரோ வீரர்களுடன் மோத நேர்ந்தது. அமெரிக்கர்களின் .38 ரகச் சுழல்துப்பாக்கியின் ரவைகள் உடலில் பாய்ந்த பின்னரும் அவ்வீரர்கள் வாளுடன் முன்னேறி வந்தார்கள் என்ற முறைப்பாடுகள் வொஷிங்டனுக்குக் குவிந்தன. 1904 இல் இரு இராணுவ அதிகாரிகள் சடலங்கள் மீதும் சிக்காகோ இறைச்சித் தொட்டியின் மாடுகள் மீதும் சுட்டுப் பரிசோதித்து, .45 ரகத்துக்குக் குறையாத ரவையே தேவை என்று பரிந்துரைத்தார்கள். தமது மண்ணைக் காக்கப் போராடிய ஒரு மக்களை விரைவாகக் கொல்வதற்கு வழி தேடிய முயற்சியே அந்தப் புகழ்பெற்ற .45 துப்பாக்கியின் பிறப்புக்குக் காரணம் என்பதை ஆயுத ரசிகர்கள் பலர் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். ஜோன் பிறவுணிங் வடிவமைத்த அந்த அரைத் தானியங்கி இறுதிப் பரிசோதனையில் 6000 ரவைகளைச் சிக்கலின்றிச் சுட்டு, 1911 மார்ச் 29 ஆம் திகதி அமெரிக்க இராணுவத்தின் ஆயுதமாகியது.

இராணுவங்கள் இவ்வாறு மாறியபோதிலும் பொலிஸார் மாறவில்லை. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1899 இல் அறிமுகம் செய்த .38 ரகச் சுழல்துப்பாக்கி பின்னர் 'மாதிரி 10' என்ற பெயரைப் பெற்று உலகின் பல பொலிஸ் படைகளின் இடுப்பில் அரை நூற்றாண்டுக்கு மேல் தொங்கியது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. பிரித்தானியப் பேரரசின் ஆட்சிப் பரப்பில் வெப்ளி சுழல்துப்பாக்கி அதே இடத்தை வகித்தது. காரணம் எளிமையானது. பொலிஸ்காரர் ஒருவர் தமது சேவைக்காலம் முழுவதிலும் ஒரு தடவையேனும் ஆயுதத்தைப் பயன்படுத்தாமலே ஓய்வு பெறக்கூடும். அவருக்கு வருடத்தில் சில நாட்களே பயிற்சி கிடைக்கும். மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்த துப்பாக்கியை எடுத்து விசையை இழுத்தால் அது வெடிக்க வேண்டும். ஒரு ரவை வெடிக்கத் தவறினால், மீண்டும் விசையை இழுத்தாலே அடுத்த ரவை வந்து நிற்கும். அரைத் தானியங்கியில் அவ்வாறு நேர்ந்தால் மறு கையால் வழுக்கியை இழுத்துப் பழுதான ரவையை வெளியேற்ற வேண்டும். அச்சத்தில் நடுங்கும் கைகளுக்கு அது இலகுவான காரியமல்ல.

இந்த நம்பிக்கையை அசைத்தவை இரு சம்பவங்கள். 1970 ஏப்ரல் 6 ஆம் திகதி கலிபோர்னியாவின் நியூஹோல் என்ற இடத்தில் நெடுஞ்சாலைப் பொலிஸார் நால்வர் சில நிமிடங்களுக்குள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் தமது சுழல்துப்பாக்கிக்குள் ரவைகளைத் திணித்து முடிக்கும் தறுவாயில் சுடப்பட்டார். 1986 ஏப்ரல் 11 ஆம் திகதி மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் மடக்கியபோது, முகவர் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவனிடம் அரைத் தானியங்கி ரைபிள் இருந்தது. எதிரியின் சுடுதிறனுக்கு முன்னால் சுழல்துப்பாக்கி காலாவதியாகிவிட்டது என்ற முடிவுக்கு அமெரிக்கப் பொலிஸ் உலகம் வந்தது இந்த மோதலுக்குப் பின்னரேயாகும்.

ஆனால், மியாமி மோதலின் விபரங்களை உற்று நோக்கினால் அந்த முடிவு அவ்வளவு நேரானதல்ல. முகவர்களில் சிலரிடம் அப்போதே 9 மி.மீ. அரைத் தானியங்கிகள் இருந்தன. கொள்ளையனின் இதயத்தை எட்டாமல் நின்றுபோன ரவை அவற்றில் ஒன்றிலிருந்தே வந்தது. ஒரு கை செயலிழந்த நிலையில் எழுந்து சென்று அந்த மோதலை முடித்துவைத்த முகவரின் கையில் இறுதியாக இருந்தது ஒரு சுழல்துப்பாக்கி. தோல்விக்குக் காரணம் ரைபிளுக்கு எதிராகக் கைத்துப்பாக்கிகளுடன் சென்றமை, திட்டமிடாமை, துரதிர்ஷ்டம் எனப் பலவாக இருக்க, எப்.பி.ஐ. ரவையின் மீது பெரும்பழியைப் போட்டது. பெரிய ரவையைத் தேடி 10 மி.மீ. ரகத்துக்குச் சென்றது, பிறகு .40 ரகத்துக்கு வந்தது, ஈற்றில் 2016 இல் மீண்டும் 9 மி.மீ. துப்பாக்கிகளையே தெரிவு செய்தது. முப்பது வருடங்கள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த பயணம் அது. இடைக்காலத்தில் ரவைகளின் தயாரிப்பு மேம்பட்டது என்பது உண்மையே. எனினும், ஒரு பெரிய நிறுவனம் தனது தோல்வியை ஆராயும்போது மனிதர்களையும் முடிவுகளையும் விட்டுவிட்டுக் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அமெரிக்காவுக்கு மாத்திரம் உரிய பழக்கமல்ல.

இந்த வேளையிலேயே ஒஸ்ட்ரியாவிலிருந்து கஸ்டன் குளொக் வந்து சேர்ந்தார். திரைச்சீலைக் கம்பிகளும் இராணுவத்துக்கான கத்திகளும் செய்துவந்த அவர் அதற்கு முன் துப்பாக்கி எதனையும் தயாரித்தவரல்லர். 1982 இல் ஒஸ்ட்ரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட அவருடைய துப்பாக்கியின் உடற்பகுதி பிளாஸ்ரிக்கினால் ஆனது, குழலும் வழுக்கியும் உருக்கு. ரவைக்கூட்டில் 17 ரவைகள். விமான நிலையச் சோதனைக் கருவிகளை ஏமாற்றிவிடும் துப்பாக்கி என்று அமெரிக்காவில் கிளப்பப்பட்ட பீதி ஆதாரமற்றது. குளொக் துப்பாக்கியின் வெற்றிக்கு அதன் 17 ரவைகளையே எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அதில் தனியாக இயக்க வேண்டிய பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. உறையிலிருந்து எடு, விசையை அழுத்து என்பதே அதன் இயக்கம். முதலாவது சூட்டுக்கும் கடைசிச் சூட்டுக்கும் விசையின் இழுப்பு ஒன்றேதான். சுழல்துப்பாக்கியை நூறு வருடங்கள் காப்பாற்றி வந்த எளிமையை அரைத் தானியங்கி கைப்பற்றிக்கொண்டது. அதற்குப் பின்னர் சுழல்துப்பாக்கிக்கு வாதாட அதிகம் எஞ்சியிருக்கவில்லை.

ஆனால், அந்த எளிமையுடன் சேர்ந்து வரவேண்டிய ஒன்று வரவில்லை. இரட்டைச் செயற்பாட்டுச் சுழல்துப்பாக்கியின் விசையை இழுப்பதற்கு ஏறத்தாழ 10 முதல் 12 இறாத்தல் விசை தேவை. இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். குளொக்கில் அது வழமையாக 5 அல்லது 6 இறாத்தல் மாத்திரமே, தூரமும் குறைவு. சுழல்துப்பாக்கியை இழுக்கும் விரலுக்கு, சுடப்போகிறேன் என்று மனிதன் உணர்ந்து, வேண்டாமென்று நிறுத்திக்கொள்ளவும் ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தைப் புதிய பொறி சுருக்கிவிட்டது. நியூயோர்க் பொலிஸ் நிர்வாகம் இதனை உணர்ந்திருந்தது. 1993 இல் அரைத் தானியங்கிகளுக்கு மாறியபோது, விசையின் இழுப்பை 12 இறாத்தல் அளவுக்குக் கூட்டும் விசேட சுருள்வில்லைப் பொருத்துமாறு கேட்டது. பழைய துப்பாக்கியின் கனத்தைப் புதிய துப்பாக்கிக்குள் மீண்டும் ஏற்றிய விசித்திரம் இது. அதற்கும் விலை இருந்தது. கனமான விசை குறியைத் தவறவைக்கும். நியூயோர்க் பொலிஸாரின் சூட்டுப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1998 முதல் 2006 வரையான காலப்பகுதியில் பதிலுக்குச் சுடுவோருடன் நிகழ்ந்த மோதல்களில் இலக்கைத் தாக்கிய ரவைகள் நூற்றுக்கு 18 மட்டுமே. எஞ்சியவை சுவர்களையும் வாகனங்களையும் வீதியையும் நோக்கிச் சென்றவை.

1999 பெப்ரவரி 4 ஆம் திகதி நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியில் அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞர் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதமெதுவும் அவரிடம் இருக்கவில்லை. நான்கு பொலிஸார் 41 தடவைகள் சுட்டார்கள், 19 ரவைகள் அவரைத் தாக்கின. இருவர் தலா 16 ரவைகளையும் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அவர்களிடம் ஆறு ரவைச் சுழல்துப்பாக்கிகள் இருந்திருந்தால் அந்த இளைஞர் பிழைத்திருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆறு ரவைகளும் ஒருவரைக் கொல்லப் போதுமானவையே. 1981 மார்ச் 30 ஆம் திகதி ஜனாதிபதி ரீகனைச் சுட்டவன் மலிவான சுழல்துப்பாக்கி ஒன்றின் ஆறு ரவைகளையும் இரண்டு விநாடிகளுக்கும் குறைவான நேரத்தில் சுட்டுத் தீர்த்தான் என்பதையும் மறந்துவிடலாகாது. ஆனால், ஆறு ரவைகள் தீர்ந்தவுடன் ஒரு கட்டாய இடைவேளை வரும். 41 என்ற எண்ணிக்கையை எட்டுவதற்கு முன்னர் ஒருவரேனும் நின்று பார்த்திருக்க வேண்டி வந்திருக்கும். நால்வரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இன்று சுழல்துப்பாக்கியின் நிலை என்ன? நியூயோர்க் பொலிஸில் எஞ்சியிருந்த மூத்தவர்கள் சிலரின் கைகளிலிருந்தும் 2018 இல் அது விடைபெற்றது. ஜப்பானில் வீதிச் சேவையிலுள்ள பொலிஸார் பெரும்பாலானோர் இன்றும் ஐந்து ரவைச் சுழல்துப்பாக்கியையே சுமக்கிறார்கள். துப்பாக்கி வன்முறை மிக அரிதான அந்நாட்டில் அதற்கு மேல் தேவைப்படவில்லை. பிரான்சின் விசேட அதிரடிப் பிரிவு, 1994 டிசம்பரில் மார்செய் விமான நிலையத்தில் கடத்தப்பட்ட எயார் பிரான்ஸ் விமானத்தை மீட்டபோது அதன் வீரர்களிடம் மனூரின் சுழல்துப்பாக்கிகள் இருந்தன. இந்தியாவில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014 இல் பெண்களின் தற்காப்புக்கென்று 'நிர்பீக்' என்ற இலகு எடைச் சுழல்துப்பாக்கியை ஒரு இலட்சம் ரூபாவுக்கும் அதிகமான விலையில் அறிமுகம் செய்தது. டில்லி மாணவிக்கு 2012 இல் நேர்ந்த கொடுமைக்கு அளிக்கப்பட்ட பதில்களில் இதுவும் ஒன்று. ஆபத்தை எதிர்நோக்கும் இந்தியப் பெண்களில் எத்தனை பேரிடம் அந்தப் பணம் இருந்தது என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தரத்தைப் பொறுத்தவரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1955 இல் வெளிவந்த கொல்ட் பைதன் போன்ற துப்பாக்கிகளின் பாகங்களைத் தேர்ந்த கைவினைஞர்கள் அரத்தால் தேய்த்துப் பொருத்தினார்கள். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றதும் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாமல் அது நின்றுபோனது. 2020 இல் கணினி இயந்திரங்களால் கடையப்பட்ட புதிய பைதன் வெளிவந்தது. பழையதன் மெருகு இதிலில்லை என்று ரசிகர்கள் குறைபடுவார்கள், உருக்கின் உறுதி முன்னையதைவிட அதிகம் என்று தயாரிப்பாளர் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். சுழல்துப்பாக்கி சிக்கிக்கொள்வதில்லை என்பதோ மிகைக்கூற்று. அது அரிதாகவே சிக்கும், சிக்கினால் திருத்துபவரிடம்தான் கொண்டு செல்ல வேண்டும். அரைத் தானியங்கி சற்று அடிக்கடி சிக்கலாம், பயிற்சி பெற்றவர் அதனைச் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார். ஆகவே, ஒன்று இயந்திரத்தை நம்புகிறது, மற்றையது பயிற்சியை நம்புகிறது.

எமது நாட்டின் வரலாற்றிலும் இவ்விரு பொறிகளும் இரத்தத்தால் தமது சுவடுகளைப் பதித்திருக்கின்றன. 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவை றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் சுட்ட பௌத்த பிக்குவின் கையில் இருந்தது ரிவோல்வர். பிரதமர் மறுநாள் மரணமானார். அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்னர் காந்தியடிகளைக் கொன்றது ஓர் இத்தாலிய அரைத் தானியங்கி. போர்க்காலத்தில், குறிப்பாகத் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிந்திய தசாப்தத்திலும், '9 மி.மீ. பிஸ்டல்' என்ற சொற்றொடர் எமது செய்திகளில் நிரந்தர இடம் பிடித்தது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுவிட்டுத் தப்பினர் என்ற வாக்கியத்தைப் பெயரையும் ஊரையும் மாத்திரம் மாற்றி எத்தனை தடவைகள் எழுதினோம் என்பதற்குக் கணக்கில்லை. கொல்லப்பட்டோரில் பத்திரிகையாளர்களும் இருந்தனர்.

அந்தச் சம்பவ இடங்களில் அரைத் தானியங்கி விட்டுச் செல்லும் சாட்சி ஒன்று உண்டு. சுழல்துப்பாக்கியின் வெற்றுக் கோதுகள் உருளைக்குள்ளேயே தங்கிவிடும். பிஸ்டலோ ஒவ்வொரு சூட்டின்போதும் ஒரு கோதினை நிலத்தில் எறிந்துவிட்டுச் செல்லும். அதன் அடியில் சுடும் ஊசி பதித்த தடத்தையும் வழுக்கியின் கீறல்களையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கியால் சுடப்பட்டது என்று நிபுணர்களால் கூற முடியும். அந்தக் கோதுகளைப் பொறுக்கி உறையிலிட்டு முத்திரையிட்ட பொலிஸாரை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை அடிப்படையாகக் கொண்டு முடிவுக்கு வந்த வழக்குகளோ மிகச் சில. சாட்சியைப் பொறி விட்டுச் சென்றது. அதனைப் பேச வைக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

சுழல்துப்பாக்கியா, அரைத் தானியங்கியா என்ற வாதத்தில் இராணுவங்களும் பொலிஸ் படைகளும் தீர்ப்பு வழங்கிவிட்டன. அரைத் தானியங்கி வென்றுவிட்டது, அது திரும்பப் போவதுமில்லை. ஆனால், ஒவ்வொரு பொறியும் எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற முடிவொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. ரவைகள் போதாமல் பொலிஸ்காரர் இறந்துவிடக் கூடாது என்று அஞ்சியவர்கள் பதினேழு ரவைகளைக் கேட்டார்கள். அந்த அச்சம் நியாயமற்றதல்ல. நியூஹோலில் இறந்த நால்வருக்கும் குடும்பங்கள் இருந்தன. கனத்த விசையும் சில ரவைகளும் முன்னர் தாமாகவே விதித்திருந்த கட்டுப்பாட்டை இனி மனிதர்களே விதித்துக்கொள்ள வேண்டும். தொடர்ச்சியான பயிற்சி, சுட்ட ஒவ்வொரு ரவைக்கும் கணக்குக் கேட்கும் சட்டம், கணக்குக் கேட்க அஞ்சாத நீதிமன்றம் ஆகிய மூன்றும் அதற்குத் தேவை. பதினேழு ரவைகளைக் கொள்வனவு செய்த அரசுகளில் எத்தனை இம்மூன்றையும் சேர்த்தே கொள்வனவு செய்தன என்பதே கேள்வி.